சித்தி ஏரிக்கரையில் பார்த்தது

பீங்கான் உடைகிற சத்தத்துக்கு எங்கள் தெருவில் யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிகளை ஒட்டி வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். சூளை பிரிக்கிற நாளில் கோணிப்போனதும் விரிசல் விட்டதும் கூடை கூடையாக வெளியே வந்து விழும். அந்த உடைசலைக் கொட்டித்தான் தெருப் பள்ளங்களை நிரப்புவார்கள். மழையில் மண் கரைந்ததும் தெரு முழுக்கப் பல் முளைத்த மாதிரி இருக்கும். என் இடது குதிகாலில் அந்தத் தெரு போட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. எங்கள் வீட்டில் காது வைத்த கோப்பையே கிடையாது. காது உள்ளது விற்பனைக்குப் போகும். காது விழுந்தது வேலைக்காரர் வீட்டுக்கு வரும்.

நான் ஏழாவது வரை படித்தவள். அதற்குப் பிறகு ஒரு கட்டட மேஸ்திரியின் கும்பலோடு சோறாக்கப் போனேன். ஓசூர், பெல்லாரி, சூரத், திரும்பத் தூத்துக்குடி என்று போய்க்கொண்டே இருந்தேன். எந்த ஊரிலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் மனம் நிற்காது. கட்டியவன் ஒருத்தன் இருந்தான், அவனும் நிற்கவில்லை. அதைப் பெரிய குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். எழுத உட்கார்ந்த காரணமும் பெரியதல்ல. போன மார்கழியில் பஸ்ஸில் ஒரு ஏரியைத் தாண்டிப் போனோம். தண்ணீர் மேல் கறுப்பாக ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. எனக்கு முன் சீட்டில் இருந்த ஒரு பெண், இருபது வயது இருக்கும், ஜன்னலைத் தள்ளிவிட்டு போனை நீட்டிப் படம் பிடித்தாள். "வாத்துங்க, எவ்ளோ வாத்துங்க!" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் காட்டினாள். யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. அந்த வயதில் எங்கள் சித்தியை எல்லாரும் கேட்டார்கள்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. தாயும் தகப்பனும் போன பிறகு எங்களோடு வந்து இருந்தாள். எனக்கு அப்போது ஒன்பதோ பத்தோ வயது. எழுபதாம் வருஷத்தை ஒட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வீடு ரேடியோ வராத காலம். பக்கத்துத் தெருவில் ஒருவர் டிரான்ஸிஸ்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தால் நாங்கள் பின்னாலேயே ஓடுவோம்.

சித்தி பொம்மை கம்பெனியில் ஓரம் சுரண்டுகிற வேலை பார்த்தாள். அச்சில் மண்கூழை ஊற்றி எடுக்கிற பொம்மைக்கு இரண்டு பக்கமும் ஒரு கோடு விழுந்திருக்கும். ஈரம் காய்வதற்கு முன் அந்தக் கோட்டைக் கத்தியால் சுரண்டி, நனைந்த பஞ்சால் துடைக்க வேண்டும். வேகமாகச் சுரண்டினால் மூக்கு போய்விடும், மெதுவாகச் சுரண்டினால் மேஸ்திரி கத்துவார். அன்னம், கிளி, மயில், மான் என்று அவள் கையில் போகாத பிராணி இல்லை. சாயங்காலம் வரும்போது முழங்கை வரைக்கும் வெள்ளையாக இருப்பாள். முகத்தில் மட்டும் வியர்வை ஓடின இடம் கறுப்பாகத் தெரியும்.

வந்ததும் முகம் கழுவிவிட்டு, அரிவாளையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு ஏரிக்குக் கிளம்புவாள். எங்களிடம் ஒரு வெள்ளாடு இருந்தது. அதற்குத் தழை கொண்டுவருவது அவள் பொறுப்பு. கல்யாணமாகாத பெண் தனியாகப் போகக் கூடாது என்று என்னைத் துணைக்கு அனுப்புவார்கள். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணின் மானத்துக்கு ஒரு பிள்ளைதான் காவல். அந்தப் பிள்ளை என்ன சொன்னாலும் கேட்க மாட்டார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எங்கள் தெரு முடிகிற இடத்தில் ரயில் தண்டவாளம். அதைத் தாண்டி ஒரு கல் தூரம் நடந்தால் ஏரிக்கரை. கரையில் வரிசையாகப் பனை, உள்ளே தண்ணீருக்குள் நாட்டுக்கருவேல மரங்கள். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியதும் மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும். அந்த வருஷம் மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. மதகுக்குப் பக்கத்தில் நின்றால் கருவேலம் பூ வாசனையும் பாசி வாசனையும் ஒன்றாக வரும். பின்னாலிருந்து சூளைப்புகை வரும். மூன்றும் கலந்த ஒரு வாசனையை வேறு எந்த ஊரிலும் நான் முகரவில்லை.

முதலில் பார்த்தது நான்தான் என்று நினைக்கிறேன். ஒரு நாள் தலைக்கு மேல் விசில் அடிக்கிற மாதிரி சத்தம். நிமிர்ந்தால் சின்னச் சின்ன வாத்துகள், வளைந்து வளைந்து வந்து தண்ணீரில் வயிற்றைத் தேய்த்து இறங்கின. சித்தி அரிவாளைக் கீழே வைத்துவிட்டாள்.

"இதுங்க பேரு சிறவி, குட்டி. எங்க ஊரு குட்டையில வரும். எங்கேருந்து வருதுங்கன்னு யாருக்கும் தெரியாது."

"வழி யாரு சொன்னது சித்தி?"

"என்னைக் கேட்டா? எனக்குக் கடலூருக்கே வழி தெரியாது."

அன்றிலிருந்து தழை அறுப்பது இரண்டாம்பட்சமாகிவிட்டது. மதகுக் கல்மேல் உட்கார்ந்துவிடுவோம். கார்த்திகை பிறந்ததும் நாரைகள் வந்தன. கூழைக்கடா வந்தது. அரிவாள்மூக்கன் வந்து சேற்றைக் கிளறியது. எங்களுக்குப் பாதிப் பறவைகளுக்குப் பெயர் தெரியாது, ஆகையால் சித்தி தெருவில் இருக்கிறவர்களின் பெயரை வைத்தாள். பை தொங்கும் கூழைக்கடாவுக்கு மளிகைக்கடைக்காரர். நத்தைகுத்தி நாரை என்று ஒன்று உண்டு, அதன் அலகு நடுவில் பொருந்தாது, மூடினாலும் ஒரு இடைவெளி இருக்கும்.

"இது யாரு சொல்லு?"

"தெரியல சித்தி."

"உங்க பெரியம்மா. பாரு, எப்பவாவது வாயை மூடுதா?"

சிரித்துச் சிரித்து நான் மதகிலிருந்து விழப் பார்த்தேன். தண்ணீர் ஓரத்தில் அசையாமல் நிற்கிற மடையான் கொக்குக்குக் கல்யாணத் தரகர் என்று பெயர். நம்மைப் பார்க்காத மாதிரி நிற்கும், மீன் பக்கத்தில் வந்ததும் கழுத்து நீளும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தி துணி மூட்டையோடு மணிமுத்தாற்றுக்குப் போவாள். மழை வடிந்த ஆற்றில் நடுவே மணல் திட்டு தெரியும். அங்கே உள்ளான் குருவிகள் வாலை ஆட்டி ஆட்டி ஓடும். துவைக்கிற கல்லில் துணியை அடித்தால் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பி, வெயிலில் ஒரு பக்கம் வெள்ளையாகவும் மறுபக்கம் இல்லாமல் போன மாதிரியும் திரும்பும். சித்தி அதற்காகவே துணியை ஓங்கி அடிப்பாள். அப்பாவின் இரண்டு சட்டைகளுக்குப் பொத்தான் போனது அந்த மாதம்தான்.

குழாய் வந்தது மார்கழிக்கு முன்னால். சுவரில் துளை போட்டு மின்கம்பி நுழைப்பதற்குப் பீங்கானில் ஒரு குழாய் செய்வார்கள், பார்த்திருப்பீர்கள். ஒரு முழத்துக்குக் குறைவாக, வெள்ளை வெளேரென்று மெருகோடு இருக்கும். முனை நெளிந்துபோன ஒன்றை உடைசல் குவியலிலிருந்து நான் எடுத்து வைத்திருந்தேன். கரையில் உட்கார்ந்து சும்மா கண்ணில் வைத்துப் பார்த்தேன். சாயங்கால வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசும் அல்லவா, குழாய்க்குள் அந்தக் கூச்சம் இல்லை. ஏரி இல்லை, மரம் இல்லை, ஒரு நாரை மட்டும் இருந்தது. அதன் அலகு மஞ்சள், முகத்தோல் ஆரஞ்சு, இறகில் கடைசிப் பக்கம் ரோஜா நிறம். சித்தியிடம் கொடுத்தேன். அவள் வெகுநேரம் திருப்பித் தரவில்லை.

உள்ளே கண்ணாடி எதுவும் கிடையாது. எதையும் பெரிதாகக் காட்டாது. அது எனக்கு அப்போது தெரியாது, பெரிதாகக் காட்டுகிறது என்றே நம்பினேன். இப்போது யோசித்தால், மற்றதை எல்லாம் மறைத்துவிட்டால் எதுவும் பெரிதாகத்தான் தெரியும் என்று தோன்றுகிறது.

"நான் சுரண்டுற அன்னத்துக்குக் கழுத்து தப்புடி," என்றாள் சித்தி குழாயைக் கண்ணிலிருந்து எடுக்காமலே. "எந்தப் பறவையும் கழுத்தை அப்படி வளைக்காது. அச்சு செஞ்சவன் பறவையையே பாக்கல."

இந்தக் கூத்தில் ஆடு மெலிந்தது. எங்களுக்கு எதிரான முதல் சாட்சி அதுதான். அம்மா தழைக்கட்டைக் கையில் தூக்கிப் பார்ப்பாள்.

"ரெண்டு பேரு போயி இவ்ளோதான் கெடச்சுதா? ஆடு தின்னுதா இல்ல நீங்க தின்னுட்டு வர்றீங்களா?"

"கரையில தழை குறைஞ்சு போச்சுக்கா. எல்லாரும் அறுக்கறாங்க."

சித்தி சொன்ன ஒரே பொய் அதுதான். அது பின்னால் பெரிதாக வேலை செய்தது.

கார்த்திகைக் கடைசியில் சித்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஊர் திட்டக்குடியை ஒட்டிய மங்களூர் பக்கம். பெரிய ஏரித் தண்ணீர் பாய்கிற நிலம் அவர்களுக்கு இருந்தது. எங்களைப் போன்ற வீட்டுக்கு அது எட்டாத இடம். அம்மாவின் தூரத்து உறவு வழியாக எப்படியோ வந்தது. சித்தி காப்பி கொண்டுபோய் வைத்தாள். காது உள்ள கோப்பைகளைப் பக்கத்து வீட்டில் வாங்கியிருந்தோம். மாப்பிள்ளையின் அம்மா, "எதாவது கேக்கணும்னா கேளும்மா, வெக்கப்படாத" என்று சும்மாதான் சொன்னார். சித்தி நின்று, "உங்க ஊரு ஏரியில தண்ணி எப்போ வரைக்கும் நிக்கும்ங்க?" என்று கேட்டுவிட்டாள்.

மாப்பிள்ளையின் பெரியப்பா தொடையில் தட்டிச் சிரித்தார்.

"அட! பொண்ணு நெலத்தைப் பத்தி இல்ல கேக்குது! சித்திரை வரைக்கும் நிக்கும் தாயி. ரெண்டு போகம் தாராளமா எடுக்கலாம்."

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நம்ம பொண்ணு குடும்பத்துக்கு ஆகிறவள் என்று ஊரெல்லாம் சொன்னாள். சித்தி எதற்குக் கேட்டாள் என்பது எனக்கு மட்டும் தெரியும். மறுநாள் கரையில் உட்கார்ந்து அவளே சொன்னாள்.

"சித்திரை வரைக்கும் நிக்குமாம். அப்போன்னா பங்குனி வரைக்கும் இதுங்க போவாது. அவங்க வூட்டுலேர்ந்து கரைக்கு நடந்தே போயிடலாமாம்."

"மாப்பிள்ளை நல்லா இருக்காரா சித்தி?"

"காது கொஞ்சம் பெருசு. ஆனா காப்பி குடிச்சுட்டுக் கோப்பையைப் பாத்துப் பதனமா வச்சாரு. பரவால்ல." கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தாள். "எனக்குப் புடிச்சிருக்குது குட்டி. யாருகிட்டயும் சொல்லாத."

அவளுக்கு அந்த இடம் அமைய வேண்டும். வாழ்க்கையில் அவள் வேண்டும் என்று கேட்டு நான் பார்த்தது அது ஒன்றைத்தான். மார்கழி கழியட்டும், தையில் தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று பேசி வைத்தார்கள்.

தை பிறந்து அறுவடை முடிந்ததும் ஏரிக்கு அக்கரையில் வாத்துக்காரன் வந்து இறங்கினான். அவர்கள் செய்யாறு பக்கத்திலிருந்து வருகிறவர்கள். அறுத்த வயலில் சிந்திக் கிடக்கும் நெல்லுக்கு வாத்து மேய்த்துக்கொண்டு, ஊர் ஊராக நகர்வார்கள். பனையோலையில் ஒரு குடிசை, ஒரு பெண்டாட்டி, இடுப்பில் ஒரு குழந்தை, நூற்றுக்கணக்கில் வாத்து. பகலில் வயலில் மேய்ந்த வாத்துகளைச் சாயங்காலம் ஏரி ஓரத்தில் தண்ணீர் காட்டிப் பட்டியில் அடைப்பான். அதற்கு ஒரு நீளக் கழி வைத்திருப்பான், முனையில் வெள்ளைத் துணிக் கிழிசல் கட்டியிருக்கும். அதை இப்படியும் அப்படியும் ஆட்டினால் வாத்துகள் ஒதுங்கிப் போகும். நாங்கள் அவனைச் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. அவன் வாத்துகள் வந்த பிறகு சிறவிகள் தள்ளிப் போய்விட்டன என்று சித்திக்குக் கோபம்.

"இவனுக்கு வேற ஏரியா கெடைக்கல? வந்து எறங்குனான் பாரு."

பெண் எடுப்பதற்கு முன் யாருக்கும் சொல்லாமல் வந்து விசாரிப்பது நம் பக்கத்து வழக்கம்தான். தொடையில் தட்டிச் சிரித்த அதே பெரியப்பா வந்திருக்கிறார். தெருவில் நல்லபடியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். பெண் எங்கே என்று கேட்டதற்கு ஏரிப்பக்கம் தழைக்குப் போயிருக்கிறாள் என்றிருக்கிறார்கள். கரை திரும்புகிற முனையில் ஒரு டீக்கடை இருந்தது. அங்கே பெஞ்சில் உட்கார்ந்து அவர் பார்த்திருக்கிறார்.

அவர் பார்த்ததை நீங்களும் பாருங்கள். கரைமேல் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அரிவாள் பக்கத்தில் கிடக்கிறது, தழை அறுக்கவில்லை. வெள்ளையாக ஒன்றை முகத்துக்குத் தூக்குகிறாள், இறக்குகிறாள், திரும்பத் தூக்குகிறாள். ஒவ்வொரு தடவையும் அது சாயங்கால வெயிலில் பளிச்சென்று மின்னுகிறது. அக்கரையில் ஒரு ஆள் நீளக் கழியில் வெள்ளைத் துணியைக் கட்டி இப்படியும் அப்படியும் ஆட்டுகிறான். மறுநாளும் வந்து பார்த்தாராம். மறுநாளும் அதே.

மூன்றாம் நாள் சாயங்காலம் நாங்கள் கரையிலிருந்து திரும்பியபோது அவர் எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அம்மா சொம்பில் தண்ணீர் நீட்டிக்கொண்டிருந்தாள். அவர் வாங்கவில்லை. பெண் கொடுக்கிற வீட்டில் தண்ணீர் வாங்காவிட்டால் அதற்கு மேல் பேச்சு தேவையில்லை. ஆனாலும் அவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"நான் ஒண்ணும் சொல்லறதுக்கு வரலிங்க. உங்க பொண்ணுக்கு மனசு எங்க இருக்குதோ அங்கயே குடுங்க. எங்க புள்ளைக்கு வேற பாத்துக்கறோம். போயிட்டு வரேன்."

தான் பார்த்ததை அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா சூளையில் தட்டு அடுக்குகிறவர். அதிகம் பேச மாட்டார். விளக்கு வைத்த நேரம். சித்தியை நிற்க வைத்து அம்மாதான் கேட்டாள்.

"யாருடி அவன்?"

"யாருக்கா?"

"அக்கரையில வாத்து மேய்க்கறானே, அவன்."

சித்திக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. அதுவும் தப்பாகப் போயிற்று. "அக்கா, அவன் வந்ததுலேர்ந்து எனக்கு எரிச்சலா இருக்குது. நான் பறவை பாக்கறதுக்குப் போறேன்."

"என்ன பாக்கறதுக்கு?"

"பறவை. நாரை, சிறவி."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "கேட்டீங்களா? இருபத்தி ரெண்டு வயசுப் பொம்பளை. குஞ்சும் குளுவானுமா பறவை பாக்கப் போறாளாம்." சித்தியிடம் திரும்பினாள். "தழை இல்ல, எல்லாரும் அறுக்கறாங்கன்னு சொன்னியே, நேத்து நான் பக்கத்து வூட்டுக்காரிகிட்ட கேட்டேன், கரையெல்லாம் தழைங்கறா. அது பொய்யா?"

"அது பொய்தாங்கா."

"அப்போ இது மட்டும் நெசமா?"

அப்பா என் பக்கம் குனிந்தார். குரலை உயர்த்தவில்லை. "நீ சொல்லு பாப்பா. யாரு வருவாங்க அங்க?"

நான் உள்ளது உள்ளபடி சொன்னேன். கூழைக்கடா வரும் என்றேன். நத்தைகுத்தி பெரியம்மா மாதிரி இருக்கும் என்றேன். மடையான், அரிவாள்மூக்கன், உள்ளான் என்று வரிசையாகச் சொன்னேன். குழாயை எடுத்துக் காட்டி, இதில்தான் பார்ப்போம் என்றேன். நான் சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் மாறியது. நம்புகிறாள் என்று நினைத்து இன்னும் சொன்னேன்.

"அய்யோ, எப்படி மனப்பாடம் பண்ணிக் குடுத்திருக்கா பாருங்க," என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பச்சப் புள்ளைய!"

அப்பா குழாயை வாங்கி விளக்குப் பக்கம் திருப்பிக் கண்ணில் வைத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திருப்பிப் பார்த்தார். "இதுல என்ன தெரியுது? ஒண்ணும் தெரியலையே. வெறும் குழா."

"இங்க தெரியாது மாமா," என்றாள் சித்தி. அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "நாளைக்கு ஒரு சாயங்காலம் என்னோட கரைக்கு வாங்க மாமா. ஒரே ஒரு சாயங்காலம். வந்து உக்காந்து பாருங்க. அப்புறம் என்னை வெட்டிப் போடுங்க."

அப்பா போகவில்லை. மறுநாள் சாயங்காலம் சூளை மூட வேண்டியிருந்தது என்பது ஒரு காரணம். மச்சினியை நம்பிக் கரையில் உட்கார்ந்து நாரை பார்த்தான் என்று பேர் வரும் என்பது இன்னொன்று. இவ்வளவு வயதான பிறகும் எனக்கு ஆறாதது அதுதான். கல் மேல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். நாரைகள் மரத்துக்குத் திரும்புகிற நேரத்தில் அந்தக் கருவேலங்கிளை வளைவதைப் பார்த்தால் யாருக்கும் புரிந்திருக்கும். கெட்ட மனிதர் இல்லை அவர். அவருக்குத் தெரிந்த காரணங்களில் இந்தக் காரணம் இல்லை, அவ்வளவுதான். ஒரு ஆண்பிள்ளை பெயரைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்.

சாயங்காலம் போகாதவர் காலையில் போனார். அம்மா வழியில் தூரத்து மாமன் முறைக்காரர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அக்கரைக்குப் போனார். திரும்பி வந்து கை கால் கழுவிக்கொண்டே அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"எந்தப் பொண்ணு சாமின்னு கேக்கறான். நான் வாத்தப் பாக்கறதா, கரையப் பாக்கறதாங்கறான். அவன் பொண்டாட்டி புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டுக் கால்ல வுழுறா. ரெண்டு போட்டோம். அப்பவும் ஒத்துக்கல. அழுத்தக்காரன்."

மத்தியானத்துக்குள் வாத்துக்காரனும் பெண்டாட்டியும் குடிசையைப் பிரித்துவிட்டார்கள். ரோட்டில் வாத்துகள் போவதை நான் ஸ்கூலிலிருந்து வரும்போது பார்த்தேன். முன்னால் அவன் கழியோடு நடந்தான். துணியை அவிழ்த்துத் தலையில் கட்டியிருந்தான். பின்னால் அந்தப் பெண் பானைகளோடு நடந்தாள். அறுவடை வயல் இன்னும் பாதி மேயாமல் கிடந்தது. அவர்களுக்கு அந்த வருஷம் என்ன ஆனதோ.

மாசியில் சித்திக்குக் கல்யாணம் நடந்தது. கம்மாபுரம் பக்கத்தில் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். முதல் தாரத்துப் பிள்ளைகள் இரண்டு. அவர் கேள்விப்பட்டும் கேட்காத மாதிரி கட்டிக்கொண்டார், அதனால் கடைசி வரை அவருக்கு எங்கள் வீட்டில் பெரிய மரியாதை. தாலி கட்டிய மறுநாள் சித்தி கிளம்பும்போது ஏரிப்பக்கமாக நாரைகள் ஒரு வரிசை போயின. நான் கையை நீட்டினேன். அவள் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

குழாய் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அம்மா உடைசலில் வீசியிருப்பாள். எங்கள் தெருவில் எதையாவது தொலைப்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

ஸ்கூல் லீவில் என்னைச் சித்தி வீட்டுக்கு அனுப்புவார்கள். வறண்ட ஊர் என்று சொல்லித்தான் அவளை அங்கே கட்டிக் கொடுத்தார்கள். ஆனால் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து இறைத்து விடுகிற தண்ணீர் அந்தப் பக்கத்து வாய்க்கால்களில் கோடையிலும் ஓடியது. தாழ்ந்த வயல்களில் நின்று குளமாகியிருந்தது. அதில் பறவைகள் வந்திருந்தன. சித்தி சாணி கரைத்து முற்றத்தில் தெளித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில் நத்தைகுத்திகள் நின்றன.

"சித்தி, அங்க பாரு, பெரியம்மா!"

சித்தி நிமிர்ந்தாள். முதலில் பறவைகளைப் பார்க்கவில்லை. தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஆள் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். இடது பக்கம், வலது பக்கம் இரண்டையும் பார்த்தாள். யாரும் இல்லை. ஆனாலும் குனிந்துகொண்டாள்.

"உள்ள போயி அடுப்பப் பாருடி. பால் பொங்கிடும்."

அதற்குப் பிறகு நான் ஊர் ஊராகப் போய்விட்டேன். சித்தி மோசமாக வாழ்ந்தாள் என்று சொல்ல முடியாது. அடித்தார், வைதார் என்று எதுவும் இல்லை. மூத்தாள் பிள்ளைகளை வளர்த்தாள், தனக்கு ஒன்று பெற்றாள், சுரங்கத்துக்கு நிலம் போன போது எல்லாரோடும் சேர்ந்து வீட்டைப் பிரித்துக்கொண்டு வேறு இடம் போனாள். நான் எப்போதாவது போனால் சோறு போடுவாள், எங்கெல்லாம் போனாய் என்று கேட்பாள். பெல்லாரிப் பக்கம் ஒரு அணையில் பார்த்த பறவைகளைப் பற்றி ஒரு தடவை ஆரம்பித்தேன். மருமகள் இருக்கிற பக்கம் கண்ணைக் காட்டி, போதும் என்று தலையசைத்தாள்.

அவள் போன பிறகு கருமாதிக்குப் போயிருந்தேன். அப்பா முன்னமே போய்விட்டார். அம்மாவுக்கு எண்பதை ஒட்டி வயது, காது மட்டும் மந்தம், மற்றபடி தெளிவு. பந்தலுக்குக் கீழே நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்து, மூக்கைச் சிந்திவிட்டு, யாருக்கும் கேட்காத மாதிரி சொன்னாள்.

"அந்த வாத்துக்காரனுக்கே குடுத்துத் தொலைச்சிருக்கலாம். பொண்டாட்டி இருந்தா என்ன, புடிச்சுப் போனவனோட போயிருந்தா, ஊர் ஊரா சுத்தினாலும் சிரிச்சுக்கிட்டு இருந்திருப்பா. நாந்தான் பாவி, பிரிச்சுட்டேன். நான் அவளை எப்பவோ மன்னிச்சுட்டேன்டி. அவகிட்ட சொல்லத்தான் வாய் வரல."

அவள் காதருகில் குனிந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன்.

"அம்மா. நாங்க பறவை பாக்கத்தான் போனோம்."

அம்மா என் கன்னத்தைத் தடவினாள். எனக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது.

"நீ சின்னப் புள்ள அப்போ," என்றாள் ஆதரவாக. "உனக்கு என்ன தெரியும்."